பக்கத்து வீடு எல்லைக்கு வரும்போது: கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீட்டு பிளான் வரைந்தே காலத்தைக் கழித்தவன் என்பதால், பக்கத்து வீட்டுக் கட்டுமானம் பற்றிய கேள்விகள் இன்றும் என்னிடம் வருகின்றன. அண்மையில் வந்தவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டார் எங்கள் எல்லையை ஒட்டி மாடியுடன் ஓர் அறை எழுப்பப்போகிறார். ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார். போடலாமா, மாமா? (சாட்ஸ்வொர்த்)

அவர் ஏன் கேட்கிறார் என்பதை முதலில் யோசித்துப் பாருங்கள், அம்மா. விதிகளுக்கு முழுவதும் உட்பட்ட பிளானுக்கு அனுமதி தருமுன் அண்டை வீட்டாரைக் கேட்டாக வேண்டியதில்லை என்று 2008ஆம் ஆண்டில் கேப் டவுன் வழக்கொன்றில் அரசியல் சாசன நீதிமன்றமே சொல்லிவிட்டது. அப்படியிருக்க உங்கள் கையெழுத்தைத் தேடி ஒரு தாள் வருகிறதென்றால், பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தில் அவர் தளர்வு, அதாவது இங்கே எல்லோரும் சொல்லும் ‘ரிலாக்சேஷன்’, கேட்கிறார் என்றே பெரும்பாலும் பொருள். ஆகவே தாளை மட்டும் பார்த்துக் கையெழுத்திடாதீர்கள். பிளானைக் கேட்டு வாங்கி, சுவருக்கும் எல்லைக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர், கூரை எவ்வளவு உயரம், உங்கள் பக்கம் ஜன்னல் உண்டா என்று பாருங்கள். சம்மதமானால் பிளானின் ஒவ்வொரு பக்கத்திலும் தேதியிட்டுக் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிப் பலகாரத் தட்டோடு வந்த தாளில் கையெழுத்திட்ட ஒருவரை எனக்குத் தெரியும். ஒரே ஓர் அறை என்று வாயால் சொன்னது, பின்னர் இரண்டு மாடியாக எழுந்தது.

கையெழுத்திட மறுத்தால் திட்டம் அத்தோடு நின்றுவிடும் என்று எண்ணாதீர்கள்; முடிவு நகராட்சியினுடையது. ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள். கட்டடம் அண்டைச் சொத்தின் மதிப்பைக் குறைக்கும் அல்லது உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்தாகும் என்பவை பிளானை மறுக்கச் சட்டமே சொல்லும் காரணங்கள். “எங்களுக்குப் பிடிக்கவில்லை” என்பது அவற்றில் இல்லை.

எங்களுடையது ஒரே சுவரைப் பகிரும் ஒட்டு வீடு. பக்கத்தில் அஸ்திவாரம் தோண்டத் தொடங்கிவிட்டார்கள். பிளான் இருப்பதாகத் தெரியவில்லை. (ஃபீனிக்ஸ்)

இன்றே புகார் எழுதுங்கள், தம்பி. 1977ஆம் ஆண்டின் 103ஆம் எண் கட்டட விதிமுறைச் சட்டப்படி, அனுமதி பெற்ற பிளான் இல்லாமல் கட்டுவது குற்றம். 500 சதுர மீட்டருக்குக் குறைவான கட்டடமானால் நகராட்சி 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும்; கிடைத்த அனுமதியும் 12 மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் காலாவதியாகும், ஆகவே பழைய அனுமதியைக் காட்டினால் தேதியைப் பாருங்கள். கட்டட ஆய்வாளர் அலுவலகத்தில் புகாரைக் கொடுத்து, பதிவு எண்ணை வாங்காமல் வெளியே வராதீர்கள். அவர்கள் அசையவில்லையென்றால், வேலையை நிறுத்தும் தடையாணை கேட்டு உயர் நீதிமன்றம் போக உங்களுக்கு வழியுண்டு; செலவுதான் கடிக்கும்.

காத்திருப்பதில் ஒரு கெடுதல் இருக்கிறது. அனுமதியற்ற வீடு என்பதற்காக, முழுதாய்க் கட்டி முடித்த வீட்டையே இடிக்கும்படி 2013ஆம் ஆண்டில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் கென்டன் ஆன் சீ வழக்கில் தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால் சுவர் உங்கள் நிலத்துக்குள் நுழைந்துவிட்ட வழக்குகளில், இடிக்கச் சொல்லாமல் இழப்பீட்டோடு முடித்துவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கான்கிரீட் இறுகுமுன் பேசியவரின் நிலை வேறு. கூரை போட்ட பிறகு பேசியவரின் நிலை வேறு.

எங்கள் வீடு மேட்டில். கீழ்வீட்டார் கிரானி பிளாட், அதாவது வீட்டு மனையிலேயே ஒரு சிறு தனி வீடு, கட்டுவதற்காக எங்கள் மண்மேட்டை வெட்டுகிறார். (சாட்ஸ்வொர்த்)

நம் ஊர்ச் சரிவுகளில் எனக்கு அதிகம் அச்சம் தருவது இதுதான். 2022 ஏப்ரல் மழையில் மண்மேடுகள் எப்படி வழுக்கி இறங்கின என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். உங்கள் நிலத்தை அவருடைய நிலம் பக்கவாட்டில் தாங்கி நிற்க வேண்டும் என்பது உங்கள் உரிமை. அந்தத் தாங்கலை அவர் அகற்றியதால் நிலம் சரிந்தால், அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. தாங்கு சுவருக்குப் பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடம் இருக்கிறதா, சுவருக்குப் பின்னால் தண்ணீர் வடிய வழி விட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஈரமண்ணின் பாரம்தான் சுவரைத் தள்ளும். இப்போதே வீட்டைச் சுற்றி வந்து, சுவரில் உள்ள ஒவ்வொரு விரிசலின் நுனியிலும் பென்சிலால் ஒரு கோடும் தேதியும் போட்டுப் படம் எடுங்கள். கோட்டைத் தாண்டி விரிசல் ஓடினால், அது பழைய விரிசல் என்று யாரும் சொல்ல முடியாது.

எல்லை எது என்பதிலேயே தகராறு. பிரீகாஸ்ட் (வார்த்த கான்கிரீட் பலகை) வேலிதான் எல்லை என்கிறார் பக்கத்து வீட்டார்.

வேலி எல்லை ஆகாது. அந்தக் காலத்தில் யாரோ கறிவேப்பிலை மரத்தைக் காப்பாற்றுவதற்காக ஓரடி தள்ளிப் போட்டதாகவும் இருக்கலாம். சர்வேயர் ஜெனரல் அலுவலகத்தில் உங்கள் மனையின் அளவைப் படத்தை வாங்கி, பதிவு பெற்ற நில அளவையாளரைக் கொண்டு எல்லையைக் குறிக்கும் மூலை இரும்புப் பெக்குகளை (முளைகளை) தேடச் சொல்லுங்கள். பல இடங்களில் அவை புல்லுக்கடியில் புதைந்து கிடக்கும். நீங்களே பிடுங்கி நட்டுவிடாதீர்கள், அது குற்றம். ஒரு எச்சரிக்கையும் உண்டு: 30 ஆண்டுகள் இடைவிடாமல், வெளிப்படையாக, உரிமையாளரைப்போல் ஒருவர் அந்தத் துண்டை ஆண்டிருந்தால் அது அவருக்கே சொந்தமாகலாம்.

மாடி எழுந்தால் எங்கள் சமையலறைக்கு வெயில் வராது. கடலும் மறைந்துவிடும்.

பதிவு செய்த சர்விட்யூட், அதாவது அடுத்தவர் நிலத்தின் மேல் உங்களுக்குள்ள உரிமை, இல்லாவிட்டால், வெளிச்சத்துக்கும் காட்சிக்கும் தனி உரிமை இல்லை.

அவருடைய புதிய கூரைத் தண்ணீர் எங்கள் முற்றத்தில் கொட்டும்போலிருக்கிறது.

இயல்பாக ஓடிவரும் மழைநீர் வேறு. கூரையில் சேர்த்துக் குழாய் வழியாக உங்கள் மேல் விடும் தண்ணீர் வேறு. இரண்டாவதை அவர் செய்யலாகாது. பிளானில் கட்டர் குழாய் எங்கே இறங்குகிறது என்பதைக் காட்டும் கோட்டைத் தேடுங்கள். அது உங்கள் பக்கம் முடிந்தால், தெரு வடிகாலுக்குத் திருப்பி வரைந்து கொண்டுவந்த பிறகே கையெழுத்தைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லிவிடுங்கள்.