பழுப்புக் கொழுப்பு செல் வளர்ப்பு: கேள்வி பதில்

கே: எரிந்து உடலுக்குச் சூடு தரும் பழுப்புக் கொழுப்பு கைக்குழந்தைகளுக்கு மட்டும்தானே?

ப: பழைய பாடப்புத்தகத்தில் அப்படித்தான். 2009-ல் பாஸ்டன், மாஸ்ட்ரிக்ட், டுர்கு என மூன்று ஊர்க் குழுக்கள், பெரியவர்களின் கழுத்திலும் காறையெலும்புக்கு மேலும் அது வேலை செய்வதை பெட் ஸ்கேனில் காட்டிவிட்டன.

கே: ஆய்வகத்துக்கு அந்த செல் எப்படி வருகிறது?

ப: பெரும்பாலும் தைராய்டு அறுவை சிகிச்சையின்போது. நோயாளி சம்மதித்தால் ஆழ்கழுத்துக் கொழுப்பில் சுண்டைக்காய் அளவு கிடைக்கும். அதைப் பொடியாக நறுக்கி, திசுவைக் கரைக்கும் கொலாஜினேஸ் நொதி கலந்து 37 டிகிரியில் குலுக்கி, சென்ட்ரிஃபியூஜில் சுற்றுவோம். முதிர்ந்த கொழுப்பு செல்கள் ரசத்தின் மேல் எண்ணெய்போல மிதக்கும். நமக்கு வேண்டியது அடியில் படியும் முன்னோடி செல்கள், அதாவது இனிமேல்தான் கொழுப்பு செல்லாக மாறப்போகிறவை. சேர்ந்த புதிதில் நான் மிதந்ததைப் பத்திரப்படுத்திவிட்டு அடியில் இருந்ததைக் கொட்டிவிட்டேன். முதிர்ந்த செல் பெருகாது, பிளேட்டில் ஒட்டவும் ஒட்டாது. ஒருவர் மனமுவந்து கொடுத்தது அப்படியே வீண்.

கே: முன்னோடி செல்களை முதிரவைக்க ரோசிகிளிட்டசோன் என்ற நீரிழிவு மருந்தைச் சேர்த்தே ஆகவேண்டுமா?

ப: இன்சுலின், டெக்ஸாமெத்தசோன், ஐபிஎம்எக்ஸ், டி3 (தைராய்டு ஹார்மோன்) ஆகிய தூண்டுபொருள்களோடு அதையும் சேர்த்தால் முதிர்ச்சி நன்றாக வரும். ஆனால் அது வெள்ளைக் கொழுப்பின் (சக்தியைச் சேமிக்கும் சாதாரணக் கொழுப்பின்) முன்னோடிகளையும் கொஞ்சம் பழுப்பாக்கிவிடும். அதனால் அதே நபரின் தோலடிக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களையும் பக்கத்திலேயே வளர்த்து ஒப்பிடுங்கள். இதைச் செய்யாத முடிவை நான் நம்பமாட்டேன்.

கே: பதினான்காம் நாள் துளித்துளியாக எண்ணெய் தெரிகிறது, ஆயில் ரெட் ஓ சாயத்தில் சிவக்கிறது. பழுப்பு செல் என்று எழுதிவிடலாமா?

ப: அவசரப்படாதீர்கள். வெள்ளை செல்லும் சிவக்கும். பிளேட்டில் வளரும்போது அதிலும் பல சிறு துளிகள்தான் இருக்கும். பழுப்பு செல்லில் சூட்டை உண்டாக்கும் யுசிபி-1 புரதம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் குளிரில் உடல் சுரக்கும் நார்எபிநெஃப்ரினைக் கொடுத்துத் தூண்டி, ஆக்சிஜன் செலவை அளந்து பாருங்கள். ஒலிகோமைசின் போட்டால் செல்லின் சக்தி நாணயமான ஏடிபி உற்பத்தி அடைபடும். அதற்குப் பிறகும் மிஞ்சும் ஆக்சிஜன் செலவு தூண்டலால் கூடியிருக்கிறதா? கூடியிருந்தால் செல் சூட்டுக்காக எரிக்கிறது என்று சொல்ல இடமுண்டு.

கே: எத்தனை பாசேஜ் (பெருகிய செல்களைப் புதுப் பிளேட்டுக்கு மாற்றுவது) வரை தாங்கும்?

ப: நான் நான்கோடு நிறுத்திவிடுவேன். பிறகு பெருகும், ஆனால் கொழுப்பு செல்லாக மாறுவது குறைந்துகொண்டே போகும்.

கே: எலி செல்லுக்கு பீட்டா-3 தூண்டி (நார்எபிநெஃப்ரினை ஏற்கும் ஒருவகை ஏற்பியைத் தூண்டும் மருந்து) பிரமாதம். மனித செல் அசையவே இல்லையே?

ப: உங்கள் கைப்பிழையாக இருக்காது. மனித பழுப்புக் கொழுப்பில் முக்கியமானது பீட்டா-2 ஏற்பி என்று 2020-ல் ஓர் ஆய்வு வந்தது. பிளேட்டின் இரண்டு வெல்லில் (குழியில்) பீட்டா-2 தூண்டியான ஃபார்மோட்டெரால் போட்டுப் பாருங்கள்.