சிஸ்டர் மேரியின் வகுப்பறை: சில கேள்விகள், பதில்கள்

கேள்வி (குருநகர்): 2001இல் வந்த ‘சிஸ்டர் மேரி எக்ஸ்பிளெயின்ஸ் இற் ஓல்’ படத்தைப் பார்த்தேன். மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவளாகிய எனக்குச் சிரிப்பும் வந்தது, மனமும் நொந்தது. இது எங்கள் வேதத்தைப் பழிக்கிற படமா, ஐயா?

பதில்: அப்படிச் சொல்ல மாட்டேன், அம்மா. கத்தோலிக்கப் பள்ளிகளிலேயே படித்து வளர்ந்த கிறிஸ்தோபர் டுராங், 1979இல் நியூயோர்க்கில் மேடையேறிய தமது நாடகத்துக்குத் தாமே திரைக்கதை எழுதினார்; வகுப்பெடுக்கும் கன்னியாஸ்திரியான சிஸ்டர் மேரியாகப் படத்தில் நடித்தவர் டயான் கீற்றன். மூல நாடகத்தைக் கவனமாகப் படித்துப் பாருங்கள். அட்டைகளில் எழுதி வந்த கேள்விகளுக்கு, மோட்சம், நரகம், மோட்சத்துக்கு முன் ஆன்மா தூய்மையடையும் உத்தரிக்கிற ஸ்தலம் என்று சிஸ்டர் தயக்கமின்றி விளக்கம் சொல்லிக்கொண்டே போகிறார். ஏழு வயதுத் தோமஸ் ஞானோபதேசம் என்ற சமயப் பாடத்தைப் பிழையின்றி ஒப்புவித்தால் அவனுக்கு பிஸ்கற் கிடைக்கிறது. சர்வ வல்லமையுள்ள கடவுள் உலகில் தீமையை ஏன் அனுமதிக்கிறார் என்ற அட்டை வந்ததும், முகத்தில் எந்தச் சலனமும் இன்றி அடுத்த அட்டையை எடுக்கிறார். நாடகத்தின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது. பிள்ளையின் உண்மையான கேள்விக்கு முன்னால் தனக்குத் தெரியாது என்று சொல்லத் துணியாத ஆசிரியரையே டுராங் சாடுகிறார்.

கேள்வி (இளவாலை): நகைச்சுவை நாடகத்தில் கொலை எதற்கு, சேர்?

பதில்: தம்பி, அந்தக் கொலை சிஸ்டரின் தர்க்கத்திலிருந்தே பிறக்கிறது. பழைய மாணவர் நால்வர் அவரைக் கேள்வி கேட்கத் திரும்பி வருகிறார்கள். அவர்களில் ஒருவர், வகுப்பில் சிறுநீர் கழிக்கப் போக விடாததால் ஏற்பட்ட உபாதையை வளர்ந்த பின்னும் சுமக்கிறவர். மற்றொருவர் அன்று காலையிலேயே குருவானவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டதாகச் சொல்கிறார். பாவமில்லாத ஆன்மா நேரே மோட்சம் போகும் என்ற பாடத்தை எழுத்துப் பிசகாமல் நம்புகிற சிஸ்டர், அவரை அந்த நிலையிலேயே சுட்டு அனுப்பிவிடுகிறார். இரக்கம் இல்லாத இடத்தில் சரியான பாடமும் எவ்வளவு கொடியதாகிவிடும் என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டிய காட்சியை நான் கண்டதில்லை.

கேள்வி (பாசையூர்): சிஸ்டர் சொல்லும் லிம்போவை, அதாவது ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகள் போவதாகச் சொல்லப்பட்ட இடத்தை, திருச்சபை இன்றும் போதிக்கிறதா?

பதில்: அது ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக வரையறுக்கப்படவில்லை. ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகளும் மீட்படைவார்கள் என்று நம்ப நியாயமுண்டு என்று, வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணைக்குழு 2007இல் வெளியிட்ட ஆவணம் சொல்கிறது.

கேள்வி (நல்லூர்): இதை யாழ்ப்பாணத்தில் மேடையேற்றலாமா?

பதில்: மொழிபெயர்ப்பதைவிட எங்கள் வகுப்பறையைப் பற்றி நாமே எழுதுவது நல்லது. 1965இலிருந்து இயங்கும் திருமறைக் கலாமன்றம் இயேசுவின் பாடுகளை மேடையேற்றும் திருப்பாடுகளின் காட்சிகளைப் பார்த்து வளர்ந்த ஊருக்கு, வேதத்தையும் மேடையையும் சேர்த்துப் பார்ப்பது புதிதல்ல. ஆனால் எழுதுகிறவர் நியாயமாக எழுத வேண்டும். 1862இல் இங்கு வந்த திருக்குடும்பக் கன்னியர் எத்தனையோ தலைமுறைப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார்கள். அந்தக் கடனை மறைத்தால் அங்கதம் வெறும் வசையாகிவிடும். பிரம்படி மடத்துப் பள்ளிகளின் தனிச் சொத்தும் அல்ல. பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 12/2016 சுற்றறிக்கையில் எழுதியது எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் சேர்த்துத்தான்.

கேள்வி (அதே வாசகர்): பிள்ளைகளோடு பார்க்கலாமா?

பதில்: சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம். உயர்தர வகுப்புக்கு வந்த பிள்ளைகளோடு பாருங்கள்; பார்த்த பிறகு அவர்களைப் பேச விடுங்கள்.