கட்டிப்போட்டால் பாய்கிறது, அவிழ்த்துவிட்டால் ஓடுகிறது: காவல் நாய்க்கு என்ன ஆச்சு?

கேள்வி: மலையடிவாரத்தில் இரண்டு ஏக்கர் நிலக்கடலை போட்டிருக்கிறேன். காவலுக்கு இரண்டு வயது கோம்பை நாய். பகலில் பாதையோர வேப்பமரத்தில் சங்கிலியில் கிடக்கும். யார் வந்தாலும் பாயும். போன வாரம் மாட்டுக்கு ஊசி போட வந்தவரின் கையைக் கடித்துவிட்டது. ராத்திரி அவிழ்த்துவிட்டால், பன்றி விரட்ட வெடி போடும்போது வாலை இடுக்கிக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குள் ஓடிவிடுகிறது. இது முரடா, கோழையா? கொடுத்துவிட்டு வேறு நாய் வாங்கலாமா?

பதில்: கடிபட்டவரை முதலில் கவனியுங்கள். கடித்த உடனே காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவியிருக்க வேண்டும். இதுவரை அவர் வெறிநாய்க்கடி (ரேபிஸ்) தடுப்பூசி போட்டுக்கொள்ளவில்லை என்றால் இன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். தோலில் போடும் முறையில், முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28 என்று நாள் கணக்கு. ரத்தம் வருமளவு கடி என்றால் முதல் நாளே காயத்தைச் சுற்றி, கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் போடுவார்கள். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் கடித்த நாளிலிருந்து 10 நாள் கண்காணிப்பில் வைக்க வேண்டும். அதற்குள் விற்கவோ கொடுக்கவோ கூடாது.

இனி நாய். முரடும் இல்லை, கோழையும் இல்லை. இரண்டு இடத்திலும் வேலை செய்வது ஒரே பயம்தான். ஆபத்து என்று பட்டதும் நாயின் உடம்பில் அட்ரினலின் ஏறும், இதயம் வேகமாகத் துடிக்கும். அதன்பின் அது உறைந்து நிற்கும், விலகி ஓடும், இல்லையென்றால் எதிர்க்கும். ஓட வழி இருந்தால் பெரும்பாலான நாய்கள் ஓடத்தான் பார்க்கும். ராத்திரி உங்கள் நாய்க்கு வழி இருக்கிறது, கொட்டகைக்குப் போகிறது. பகலில் ஆறடிச் சங்கிலி அந்த வழியை அடைத்துவிடுகிறது. மிச்சம் இருப்பது பல் மட்டும். அதிலும் பாதையோரம் கட்டினால், போகிற வருகிற ஒவ்வொருவரும் அதற்கு ஒரு மிரட்டல். அது குரைத்ததும் ஆள் கடந்து போய்விடுவதால், 'பாய்ந்தால் ஆள் போய்விடுவான்' என்று தினமும் கற்றுக்கொள்கிறது.

இன்னொன்று, வெடிச்சத்தத்தில் ஏறிய பதற்றம் பொழுது விடிந்ததும் இறங்கிவிடாது. பலமாகப் பயந்த நாய் ஒன்றிரண்டு நாள்கூட எளிதில் சீறும் நிலையிலேயே இருக்கும். ராத்திரி வெடி, காலையில் ஊசிக்காரர் என்று அமைந்தால் கடி விழுவதில் ஆச்சரியமில்லை.

நாய் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் கடிக்கும். தீனி எதுவும் இல்லாமலே உதட்டை நக்கும், தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கும். அடுத்து உடம்பு விறைத்து வாயை மூடி நிற்கும், பிறகே உறுமல். விறைத்து உயர்த்திய வால் ஆடினால் அது சிநேகம் என்று எண்ணி கிட்டே போய்விட வேண்டாம். உறுமியதற்காக அடிக்கவே கூடாது. அடித்தால் உறுமலை விட்டுவிடும், பயத்தை விடாது. பிறகு எச்சரிக்கையே இல்லாமல் கடிக்கும் நாய்தான் உங்களிடம் மிஞ்சும்.

கட்டும் இடத்தை உடனே மாற்றுங்கள். பாதையை விட்டு உள்ளே தள்ளி, இரண்டு கல்தூணுக்கு நடுவே 20 அடிக்குக் கம்பி இழுத்து, அதில் வளையம் போட்டுச் சங்கிலியை ஓடவிடுங்கள். சங்கிலி தூணைச் சுற்றாதபடி இரு முனையிலும் சங்கிலியின் நீளத்தைவிடச் சற்றுக் கூடுதலான தூரத்துக்கு முன்னாலேயே வளையம் நிற்கக் கம்பியில் முடிச்சு வையுங்கள். நிழலும் தண்ணீரும், நுழைந்து ஒளிய ஒரு மரப்பெட்டியும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பாதைப் பக்கம் தென்னந்தட்டி வைத்து மறையுங்கள். அது பெட்டிக்குள் போனபின் யாரும் எட்டி இழுக்கக் கூடாது.

ஆள் பழக்கம் 10 நாள் கண்காணிப்பு முடிந்த பிறகு. அவசரம் வேண்டாம். நாய் ஆளைப் பார்க்கிறது, ஆனால் விறைக்கவில்லை என்ற தூரத்தில் ஒருவரை நிறுத்துங்கள். அது 30 அடியாக இருந்தாலும் சரி. அவர் நாயை நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் நின்று, வேகவைத்த முட்டைத் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு விலகட்டும். தினம் ஐந்து நிமிடம், பிறகு ஒவ்வோர் அடியாக முன்னே வரலாம். உறுமினால் முந்தைய நாள் தூரத்துக்குத் திரும்புங்கள். நேரே போய்த் தலையைத் தடவுவதுதான் இதைக் கெடுக்கும் வேலை. எத்தனை பேர் சொன்னாலும் அதைச் செய்யாதீர்கள்.

நாய்க்கு ஊசி போடும் நாளில் மூன்று நான்கு அடி காடாத் துணியால் வாயைக் கட்டலாம். மூக்கின் மேல் ஒரு சுற்று, தாடையின் கீழ் குறுக்கே ஒரு சுற்று, காதுக்குப் பின்னால் உருவு முடிச்சு. மூச்சிரைப்பால்தான் நாய் சூட்டைத் தணிக்கிறது என்பதால் ஐந்து நிமிடத்துக்கு மேல் கட்டு இருக்கக் கூடாது. வெடி போட்ட மறுநாள் ஊசி வேண்டாம்.

பன்றி விஷயத்தில் உங்கள் எதிர்பார்ப்பைத்தான் குறைக்க வேண்டும். ஆண் பன்றியின் கோரைப்பல் நாயின் வயிற்றைக் கிழித்துவிடும். ஒற்றை நாய் விலகுவது புத்திசாலித்தனம். நாயை விட்டுப் பன்றியை வேட்டையாடுவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. குரைத்து உங்களை எழுப்பினால் அதன் வேலை முடிந்தது. அந்தக் குரைப்பையும் அடைப்பது உங்கள் வெடிதான். வெடி போட்டே ஆக வேண்டுமென்றால் முதலில் நாயைக் கொட்டகையில் அடைத்துவிட்டு, தள்ளிப்போய்ப் போடுங்கள்.

நாயை மாற்றுவது இதற்குத் தீர்வில்லை. அதே மரத்தில் கட்டினால் அடுத்த நாயும் இப்படித்தான் ஆகும். துணைக்குக் குட்டி வாங்குவதாக இருந்தால் எட்டு வார வயதில் வாங்கி, 14 வாரம் ஆவதற்குள் ஆட்கள், மாடு, வண்டிச் சத்தம், மருத்துவர் கை எல்லாவற்றையும் பயமில்லாமல் பழக்கிவிடுங்கள்.

கண்காணிப்பு நாட்களில் எச்சில் ஒழுகுதல், குரல் மாறுதல், விழுங்க முடியாமை, கட்டை கல்லைக் கடித்தல், தள்ளாடும் நடை என எது தெரிந்தாலும் கிட்டே போகாமல் கதவை அடைத்துவிட்டுக் கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் சொல்லுங்கள். கடிபட்டவருக்கும் அன்றே தெரிவியுங்கள்.