ட்ரீம்காஸ்ட்டில் ஜிடிஇமு: வாங்கும் முன் கன்சோலைக் கவிழ்த்துப் பாருங்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் செகா ட்ரீம்காஸ்ட் மாதிரி பழைய கேம் கன்சோல் வைத்திருப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. டிஸ்க் டிரைவைக் கழற்றிவிட்டு எஸ்டி கார்டில் விளையாட வைக்கும் ஜிடிஇமு போர்டைப் பற்றித்தான் பாதிக்கு மேல்.

ஓசூர்: அண்ணா, ஜிடிஇமுவில் 5.15பி, 5.20 என்று இரண்டு வெர்ஷன் விற்கிறார்கள். எதை வாங்கலாம்?

தம்பி, முதலில் கன்சோலைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பக்கத்தில் டிவி வகையைக் காட்டும் என்டிஎஸ்சி (NTSC) அல்லது பால் (PAL) என்று போட்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஓர் எண் இருக்கும். 1 என்றால் விஏ1 மதர்போர்டு, தாராளமாக வாங்கலாம். 0 என்றால் வேண்டாம். விஏ0-வில் டிரைவ் 5 வோல்ட்டில் ஓடுகிறது, விஏ1-இல் 3.3 வோல்ட். ஜிடிஇமு விஏ1-க்காகவே செய்தது. 2 போட்டது கைக்கு வருவதே அபூர்வம்.

நீங்கள் சொன்ன இரண்டுமே அசல் ஜிடிஇமுவைப் பார்த்துச் செய்த நகல்கள்தான். இரண்டுக்கும் விஏ1 வேண்டும். அசல் போர்டின் ஃபர்ம்வேரை, அதாவது போர்டுக்குள் ஓடும் மென்பொருளை, நகலில் ஏற்றாதீர்கள்.

பென்னாகரம்: என்னுடையது 0. ஒரு தடவை போட்டுப் பார்த்தால் என்ன?

கூடாது. டிரைவ் ஓடுகிறது என்றால் லென்ஸைத் துடைத்து அதிலேயே விளையாடுங்கள்.

காவேரிப்பட்டினம்: மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தார். அடாப்டர் பிளக் மட்டும் மாட்டினால் போதுமா?

போதாது! பிளக் அடாப்டர் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டேஜை மாற்றாது. அமெரிக்க கன்சோலின் பவர் சப்ளை 120 வோல்ட்டுக்கு, ஜப்பான் கன்சோலுடையது 100-க்கு. நம் வீட்டில் வருவது 230. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சொருகவே சொருகாதீர்கள்.

அரூர்: ஜிடிஇமு போட்டேன். கொஞ்ச நேரம் விளையாடினால் தானாக ரீசெட் ஆகிறது. போர்டு டூப்ளிகேட்டா?

போர்டைத் திட்டுவதற்கு முன் பவர் சப்ளையைத் தூக்கிப் பாருங்கள். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மோடத்தைக் கழற்றினால் அடியில் மறைந்திருக்கும் ஸ்க்ரூ தெரியும். மேல்மூடி வந்ததும், நன்றாகக் காத்திருந்த பிறகு பவர் சப்ளையைக் கழற்றுங்கள், கெப்பாசிட்டரில் கரண்ட் நிற்கும். மதர்போர்டில் நட்டுக்கொண்டு நிற்கும் பின்கள் மங்கிக் கறுத்திருக்கும். அந்தப் படலத்தால்தான் வோல்ட்டேஜ் இறங்கி ரீசெட் ஆகிறது. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, நைஸ் எமரி பேப்பரால் லேசாகத் தேய்த்து, திரும்ப அழுத்தி உட்கார வையுங்கள். இந்தப் புகாரோடு வரும் கன்சோல் பலவற்றுக்கு இதுவே மருந்து.

பர்கூர்: அரூர்க்காரருக்குப் பாதிதான் சொன்னீர்கள். 12 வோல்ட் லைனில் ரெசிஸ்டர் போடாமல் ஜிடிஇமு ஓட்டவே கூடாது.

ராயக்கோட்டை: அதெல்லாம் வேண்டாத வேலை. நான் ரெசிஸ்டர் இல்லாமல்தான் ஓட்டுகிறேன்.

இருவரிடமும் நியாயம் இருக்கிறது. 12 வோல்ட்டை இழுத்துக்கொண்டிருந்தது டிரைவ். அது போனதும் அந்த லைனில் லோடு இல்லை, அதனால் வோல்ட்டேஜ் ஏறி நிற்கும். பர்கூர்க்காரர் சொல்வது அதைத்தான். ஆனால் 100 ஓம் போட்டால் 12 வோல்ட்டில் 1.44 வாட். அவ்வளவும் சூடாக அதே பெட்டிக்குள்தான் இறங்கும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் கால் வாட் ரெசிஸ்டரைப் போட்டால் கருகிவிடும், குறைந்தது 3 வாட் வேண்டும். சித்திரை மாதம் நம் ஊரில் ஷீட் கூரைக்கு அடியில் விளையாடுகிறவருக்கு இன்னொரு சூடு எதற்கு? என் முடிவு இரண்டுமே இல்லை. பவர் சப்ளையையே எடுத்துவிட்டு, வெளியே 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் ட்ரீம்பிஎஸ்யூ மாதிரி போர்டைப் போடுங்கள். சூடு குறையும், காவேரிப்பட்டினத்துக்காரரின் 230 வோல்ட் பயமும் தீரும்.

பர்கூர்: அதற்கு ஆகும் செலவு? ரெசிஸ்டர் சில ரூபாய்தானே?

சரி, செலவு கூடத்தான். கையில் பணம் இல்லையென்றால் சரியான வாட்டில் ரெசிஸ்டர் போடுங்கள். பிளாஸ்டிக்கைத் தொடாமல், ஃபேன் காற்று படும் இடத்தில் வையுங்கள்.

ஊத்தங்கரை: என் ட்ரீம்காஸ்ட்டில் வேலை செய்யுமா?

எண் என்ன? எண்ணைச் சொல்லாமல் இதையே கேட்ட எல்லோருக்கும் இதுதான் பதில். கவிழ்த்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பாலக்கோடு: செகா சாட்டர்ன் கன்சோலுக்கு இந்த மாதிரி போர்டு உண்டா?

ஃபென்ரிர் இருக்கிறது. டிரைவ் ரிப்பன் கேபிள் 20 பின்னா 21 பின்னா என்று எண்ணிவிட்டு அதற்கானதை வாங்குங்கள்.

மத்தூர்: பிளேஸ்டேஷன் 2-க்கு?

நான் கைவைப்பதில்லை. அதையே பார்க்கும் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

தருமபுரி: எண் 1-தான். 128 ஜிபி கார்டு போட்டால் திரை எதுவும் காட்டவில்லை.

அவ்வளவு பெரிய கார்டு எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மட்டில்தான் வரும். ஃபேட்32 ஃபார்மட்டுக்கு மாற்றுங்கள். அப்புறம் 01 ஃபோல்டரில் மெனு, 02-இலிருந்து ஃபோல்டருக்கு ஒரு கேம்.