ஓய்வு பெற்ற அப்பாவோடு உட்கார்ந்து பார்க்க நல்ல நகைச்சுவைத் தொடர் எது?

யோசிக்காமல் சொல்வேன்: பிபிசியின் ‘லாஸ்ட் ஆஃப் தி சம்மர் வைன்’. 1973இல் ஆரம்பித்து 2010 வரை ஓடிய தொடர். 295 பகுதிகள். அத்தனையையும் ராய் கிளார்க் ஒருவரே எழுதினார்.

வடக்கு இங்கிலாந்தில், யார்க்‌ஷயர் மலைச்சரிவில் இருக்கிற ஹோம்ஃபர்த் என்ற சின்ன ஊர்தான் களம். வேலைவெட்டி இல்லாத மூன்று பெரியவர்கள் நாள் முழுக்க ஊர் சுற்றுகிறார்கள். கம்பளித் தொப்பியும் ரப்பர் பூட்ஸும் மாட்டிக்கொண்டு, கால்சட்டையைக் கயிற்றால் கட்டிக்கொண்டு திரிபவர் காம்போ. பட்டாள நினைப்பிலேயே வாழ்கிறவர் ஃபாகி. மனைவியை இழந்த கிளெக்குக்கு வம்பே ஆகாது, ஆனாலும் எல்லா வம்பிலும் கூடவே இருப்பார். ஃபாகி ஒரு திட்டம் போடுவார், எந்நேரமும் இயந்திரங்களோடு மல்லுக்கட்டும் ஊர்க்காரர் வெஸ்லி தன் கொட்டகையில் ஓட்டை உடைசலை ஒட்டி ஒரு வண்டி செய்து தருவார், காம்போவை அதில் உட்காரவைத்து மலையிலிருந்து தள்ளிவிடுவார்கள். எங்கே போய் விழுவார் என்று நமக்குத் தெரியும். தெரிந்தும் சிரிப்பு வரும்.

பக்கத்து வீட்டு நோரா பேட்டி மேல் காம்போவுக்குத் தீராத ஆசை. சுருங்கித் தொங்கும் காலுறையோடு அந்த அம்மா வாசலுக்கு வந்தாலே மனுஷன் உருகிவிடுவார். கிடைப்பது துடைப்பக்கட்டை அடிதான்.

ஹோம்ஃபர்த்துக்குப் பக்கத்து நகரமான ஹடர்ஸ்ஃபீல்டில் படித்தபோது வீட்டு உரிமையாளரான பாட்டி வழியாக எனக்கு இது அறிமுகமானது. ஊருக்குத் திரும்பிய பிறகு அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். அப்போது அவர் ஓய்வு பெற்று மூன்று மாதம். முதலில் போட்டது 1983இல் வந்த முழுநீளக் கதையான ‘கெட்டிங் சாம் ஹோம்’. நோய்ப்படுக்கையில் இருக்கும் நண்பன் சாமுக்குத் தன் காதலியை இன்னொரு முறை பார்க்க ஆசை. வீட்டில் மனைவி இருக்கிறாள். நண்பர்கள் திருட்டுத்தனமாகக் கூட்டிப்போகிறார்கள், சாம் அங்கேயே உயிரை விட்டுவிடுகிறார். உடலை மனைவிக்குத் தெரியாமல் அவர் கட்டிலுக்கே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். முடிந்ததும் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், தொடர்பு விட்டுப்போன ஒரு பழைய அலுவலக நண்பருக்கு போன் போட்டார்.

நான் இதைப் பரிந்துரைப்பது இதற்காகத்தான். இந்தத் தொடர் முதுமையைக் கேலி செய்யவில்லை. சாவு பக்கத்தில் இருப்பது இவர்களுக்குத் தெரியும். முதல் பகுதியின் தலைப்பிலேயே சவ அடக்கம் வருகிறது. தெரிந்துகொண்டேதான் பள்ளிப் பையன்கள் மாதிரி சுவரேறிக் குதிக்கிறார்கள்.

1999இல் காம்போவாக நடித்த பில் ஓவன் காலமானார். கிளார்க் அந்தப் பாத்திரத்தை ஊரை விட்டு அனுப்பி மழுப்பவில்லை, கதையிலும் சாகவிட்டார். நோராவை ஒருநாள் சுருக்கமில்லாத கறுப்புக் காலுறையில் பார்த்த பரவசத்தில் காம்போ போய்ச் சேருகிறார். அதைவிட அன்பான வழியனுப்புதலை நான் எந்தத் தொடரிலும் பார்த்ததில்லை. பில் ஓவனின் மகன் டாம் ஓவனே பிறகு காம்போவின் மகனாக வந்து நடித்தார்.

ஃபாகியாக பிரையன் வைல்ட் வந்த 1976இலிருந்து 1985 வரையிலான பகுதிகளில் தொடங்குங்கள். யார்க்‌ஷயர் உச்சரிப்பு முதலில் பிடிபடாது, சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். கடைசி வருடங்கள் எனக்குச் சுமார்தான். நடிகர்களுக்கு அவ்வளவு வயதாகிவிட்டது. மூத்தவர்களை வெளிப்புறத்தில் படம்பிடிக்கக் காப்பீடு கிடைக்காமல் வீட்டுக்குள்ளேயே உட்காரவைத்தார்கள்.

295 பகுதிகளிலும் நடித்தவர் கிளெக்காக வந்த பீட்டர் சாலிஸ் மட்டும்தான். ஹோம்ஃபர்த் போனபோது, தொடரில் வந்த சிட்ஸ் கஃபேயில் டீ குடித்துவிட்டு மேலே அப்பர்தாங் தேவாலயக் கல்லறைக்கு நடந்தேன். பில் ஓவன் லண்டன்காரர். ஆனால் இந்த ஊர் மண்ணில்தான் படுத்திருக்கிறார். 2017இல் இறந்த சாலிஸையும் அவர் பக்கத்திலேயே புதைத்திருக்கிறார்கள்.