சூனியக்காரியின் கொம்பு ஏன் சரிகிறது?

கேள்வி: நான் ஹேர் அண்ட் மேக்கப் மாணவி. பருவத் தேர்வுக்கு ஏதாவது ஒரு கதாபாத்திரத்தை வைத்துத் தலை அலங்காரம் செய்து காட்ட வேண்டும். முடியாலேயே இரண்டு கொம்பு வைத்த சூனியக்காரியை எடுத்திருக்கிறேன். டம்மி தலையில் ஜம்மென்று நிற்கிறது; தோழியின் தலையில் அரை மணி நேரத்தில் சரிந்துவிடுகிறது. அப்படியே நின்றாலும், ‘மாறுவேடப் போட்டி மாதிரி இருக்கு’ என்கிறார் ஆசிரியை. என்ன செய்யலாம்?

பதில்: டம்மி தலை தும்மாது, சிரிக்காது, யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காது. அதில் நிற்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

தோழி அன்று காலையில்தான் தலைக்குக் குளித்து, கண்டிஷனரும் போட்டுக்கொண்டு வந்திருப்பார் என்று நினைக்கிறேன். மாடலாக வருகிறவர்கள் பாதிப்பேர் அப்படித்தான் வருவார்கள். வழுக்குகிற முடியில் பின் நிற்காது. முந்தின நாளே குளித்துவிடச் சொல்லுங்கள், கண்டிஷனர் வேண்டாம்.

அப்புறம் அஸ்திவாரம். கொம்பு முளைக்கிற இடத்தில் கொஞ்சம் முடியை எடுத்துச் சின்னக் குடுமியாகக் கட்டிக்கொள்ளுங்கள். மெல்லிய கம்பியைக் கூம்பாக வளைத்து, முனைகளை உள்பக்கம் மடக்கி, மேலே சவுரியைச் சுற்றி, அடிப்பக்கத்தை அந்தக் குடுமியோடு தைத்துவிடுங்கள். ஆமாம், மழுங்கிய ஊசியும் நூலும் வைத்துத்தான். பிறகு சுற்றியுள்ள முடியை அடியில் மட்டும் கிரிம்ப் செய்து (சூடான கருவியால் நெளிநெளியாக அழுத்தி), பேக்கோம்ப் பண்ணி (நுனிப்பக்கமிருந்து அடிநோக்கிச் சீவிப் புசுபுசுவென்று ஆக்கி), கம்பி தெரியாமல் மூடுங்கள். பின்களைப் பெருக்கல் குறி போல ஒன்றின் மேல் ஒன்றாகக் குத்துங்கள். நெளிவான கால் தலையைப் பார்த்து இருக்கட்டும்.

சுருள் வைத்தால், சூடு ஆறும்வரை பின் போட்டே வையுங்கள். சூட்டில் இளகும் முடி, ஆறும்போதுதான் புது வடிவத்தைப் பிடித்துக்கொள்கிறது. மாணவியாக இருந்தபோது அவசரப்பட்டுச் சூடாகவே அவிழ்த்துவிட்டு, ஆசிரியர் பக்கத்தில் வருவதற்குள் அத்தனை சுருளும் நீண்டு தொங்கியதைப் பார்த்து நின்றவள் நான். சவுரி செயற்கை முடியா என்று பார்த்துவிட்டுச் சூடு வையுங்கள், பெரும்பாலானவை உருகிவிடும்.

சரி, மாறுவேடப் போட்டிக்கு வருவோம். நீங்கள் படத்தில் பார்த்த கொம்பை அளவெடுத்து அப்படியே கொண்டுவந்திருக்கிறீர்கள், அதுதான் சிக்கல். 1935-இல் வந்த ‘பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தின் மணமகளைப் பாருங்கள். நடிகையின் சொந்த முடியைக் கம்பிக்கூட்டின் மேல் தூக்கி வாரி, இரண்டு பக்கமும் மின்னல் போல வெள்ளைக் கீற்று விட்டிருப்பார்கள். அந்த உயரம் எகிப்து அரசி நெஃபர்டிட்டியின் மகுடத்தை நினைத்துச் செய்தது. பிணங்களிலிருந்து உருவான பெண்ணுக்கு அரசியின் தலை!

உங்கள் சூனியக்காரியிடம் ஒன்று கேளுங்கள்: உனக்கு யார் தலை வாரிவிட்டார்கள்? பணிப்பெண்கள் என்றால் ஒரு முடிகூடப் பிசகக் கூடாது. காட்டில் தனியாக இருக்கிறவள் என்றால், தன் கையாலேயே பின்னியிருப்பாள். பின்னந்தலை அவள் கண்ணுக்குத் தெரியாது, அங்கே வகிடு கோணியிருக்கும். இரண்டு கொம்பில் ஒன்று கச்சிதமாக இருக்கும், இன்னொன்று கை எட்டாத பக்கம், கொஞ்சம் தளர்ந்து நாலு முடி பிரிந்து நிற்கும். அந்தத் தளர்ந்த கொம்பில்தான் நான் நேரம் செலவழிப்பேன். வேண்டுமென்றே தளர்த்தியது, தானாகச் சரிந்தது போலத் தெரியாமல் இருக்க வேண்டும். அதற்காகவே உள்ளே உள்ள கட்டு இன்னும் இறுக்கமாக இருக்கட்டும்.

முடித்ததும் தோழியைச் சுவர்ப்பக்கம் நிறுத்தி விளக்கைப் போட்டு நிழலைப் பாருங்கள். நிழலிலேயே அவள் யாரென்று தெரிந்தால் நிறம், பூச்சு, மினுமினுப்பு எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்துவிடலாம்.

நெற்றிப்பொட்டு வலிக்கிறது என்று தோழி சொன்னால் ‘கொஞ்சம் பொறுத்துக்கோ’ என்று சொல்லாதீர்கள், குடுமியைத் தளர்த்துங்கள். பிரிக்கும்போது நூலை வெட்டிக் கம்பியை எடுத்த பிறகு, கண்டிஷனரைத் தாராளமாகத் தடவி, நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். கட்டியதைவிட அதிக நேரம் ஆகும், அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.