ஃபிக்ஸிக்குச் சக்கரம் வாங்குமுன்: கேள்வி பதில்

பழைய கியர் சைக்கிளை ஃபிக்ஸியாக, அதாவது ஒற்றைக் கியரில் பின்சக்கரத்தோடு பெடலும் எப்போதும் சேர்ந்தே சுற்றும் சைக்கிளாக, மாற்றும் ஆசை பினாங்குப் பக்கம் மறுபடி கிளம்பியிருக்கிறது. சக்கரம் பற்றிச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். கேட்டவரின் ஊரைக் கேள்விக்கு முன்னால் போட்டிருக்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காசு பின்சக்கர ஹப்புக்கு (சக்கரத்தின் நடுக்குடத்துக்கு) போகட்டும், கம்பியை இழுத்துக் கட்டுகிற கைக்குப் போகட்டும். ரிம்மின், அதாவது வெளிவளையத்தின், அழகு அப்புறம்.

பாயான் பாரு: அண்ணே, லோரோங் கூலிட் சந்தையில் 10 கியர் ரேசிங் சைக்கிள் ஒன்று வாங்கினேன். இரும்பு ஃபிரேம். சக்கரம் வாங்குவதற்கு முன் எதையெல்லாம் அளக்கணும்?

பழைய பின்சக்கரத்தைக் கழற்று, தம்பி. அச்சு உட்காரும் இரண்டு தகடுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை உட்புறமாக அளந்து பார். பின்னால் 5 பல்சக்கரம் இருந்த காலத்து ஃபிரேமில் பெரும்பாலும் 120 மில்லிமீட்டர் வரும். 6, 7 என்றால் 126. அதற்குப் பிந்தியவை 130. டிராக் ஹப்புக்கு, அதாவது ஃபிக்ஸிக்கு ஏற்ற ஹப்புக்கு, வழக்கமான அளவு 120. உன்னுடைய 10 கியர் என்பது முன்னால் 2, பின்னால் 5 என்ற கணக்கு. அதனால் நேராக உட்கார்ந்துவிடலாம். ஆனாலும் அளக்காமல் வாங்காதே.

126 வந்தால் அச்சின் இரண்டு பக்கமும் 3 மில்லிமீட்டர் வளையம் ஒவ்வொன்று போடு. ஒரே பக்கம் 6 போட்டால் சங்கிலி கோணலாக ஓடும். ‘நட்டை இறுக்கு, ஃபிரேம் தானே நெருங்கும்’ என்று யாராவது சொல்வார்கள். இரும்பு நெருங்கத்தான் செய்யும், ஆனால் தகடுகள் இரண்டும் இணையாக நிற்காது, அச்சு வளையும். அலுமினிய ஃபிரேமில் அந்த வேலையே வேண்டாம்.

அடுத்தது, டயரின் பக்கவாட்டில் உள்ள எண். 622 என்றால் 700சி. 630 என்றால் பழைய 27 அங்குலம். 27 அங்குல டயர் தேடி அலைவதைவிட 700சி சக்கரத்துக்கு மாறிவிடுவது நல்லது. ரிம் விட்டம் 8 மில்லிமீட்டர் குறைவதால் பிரேக் கட்டை 4 மில்லிமீட்டர் கீழே இறங்க வேண்டும். பிரேக் கையில் அந்த அளவுக்கு இடம் இருக்கிறதா என்று கடையிலேயே வைத்துப் பார்த்துவிடு.

கடைசியாக, அச்சு நுழையும் பிளவு கிடையாக நீண்டிருக்க வேண்டும். அப்போதுதான் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்துச் சங்கிலியை இறுக்க முடியும்.

சுங்கை நிபோங்: என்னுடையதில் பிளவு செங்குத்தாக இருக்கிறது. சங்கிலியை விறைப்பாகப் பிடிக்கும் செயின் டென்ஷனர் மாட்டினால் ஓடுமா?

ஃபிக்ஸியில் ஓடாது. பெடலைப் பின்னுக்கு அழுத்தும்போது சங்கிலியின் கீழ்ப்பகுதியும் விறைக்கும், டென்ஷனர் வளைந்துவிடும். ஃப்ரீவீல் (மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரத்தைத் தனியாகச் சுழல விடும் பல்சக்கரம்) போட்ட ஒற்றைக் கியராக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு டென்ஷனர் போதும்.

பட்டர்வொர்த்: அண்ணே, பழைய ஹப்பிலேயே ஃபிக்ஸட் பல்லை (ஃப்ரீவீல் இல்லாத பல்சக்கரத்தை) முறுக்கி, பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் இடம்) லாக்ரிங்கும், அதாவது பூட்டு வளையமும், பசையும் போட்டால் போதும், புது ஹப் தண்டச் செலவு என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

நம்பாதே. இந்த ஒரு கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

பழைய ஃப்ரீவீல் ஹப்பின் மரையும் ஃபிக்ஸட் பல்லின் மரையும் ஒன்றுதான்: 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 சுற்று. ஆகவே பல் அழகாக ஏறும். முன்னுக்கு மிதிக்க மிதிக்க இறுகவும் செய்யும். வில்லங்கம் வேகத்தைக் குறைக்கக் காலைப் பின்னுக்கு அழுத்தும்போது வருகிறது. அந்த விசை பல்லைக் கழற்றும் திசையில் வேலை செய்கிறது.

உண்மையான டிராக் ஹப்பில் இதற்காகவே இரண்டு படி இருக்கும். உள்ளே பல்லுக்கான படி, வெளியே அதைவிடச் சற்றுச் சிறிய இன்னொரு படி. அந்த வெளிப்படியில் இருப்பது இடது மரை. பல் கழலப் பார்த்தால் லாக்ரிங்கையும் தன்னோடு சேர்த்துத் திருப்பப் பார்க்கும். அந்தத் திசையில் லாக்ரிங் இறுகத்தான் செய்யும். ஆகவே பல் நகராது. பாட்டம் பிராக்கெட் லாக்ரிங்கோ வலது மரை. பல் எந்தப் பக்கம் கழல்கிறதோ அதே பக்கம் அதுவும் கழலும். இரண்டும் கைகோத்துக்கொண்டு வெளியே வரும். பசை கொஞ்ச நாள் பிடிக்கும், எவ்வளவு நாள் என்று யாரும் சொல்ல முடியாது. மழையில் சிக்னலுக்கு முன்னால் பல் சுழன்று கழன்றால் காலுக்குப் பிடிமானமே இருக்காது, சங்கிலியும் சிக்கலாம்.

கடையில் ஹப்பைக் கையில் வாங்கி விரலால் தடவிப் பார். இரண்டு படி தட்டுப்பட்டால் வாங்கு. ஒரே படிதான் என்றால் அதில் ஃப்ரீவீல் மாட்டு, ஃபிக்ஸட் பல் வேண்டாம். ஒரு பக்கம் ஃபிக்ஸட், மறுபக்கம் ஃப்ரீவீல் என்று இருக்கும் ஃபிளிப்-ஃப்ளாப் ஹப் புதிதாகப் பழகுபவனுக்கு நல்லது.

ஆயர் ஈத்தாம்: பட்ஜெட் இறுக்கம். 40 மில்லிமீட்டர் ஆழமான கலர் ரிம் ஒரு ஜோடி பார்த்து வைத்திருக்கிறேன், அதே விலையில் சாதா வெள்ளி ரிம்மும் இருக்கிறது. எது உழைக்கும்?

ஆழமான அலுமினிய ரிம் பலமானதுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரே விலை என்றால் எங்கோ குறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அநேகமாக ஹப்பிலும் கம்பியிலும். அப்புறம் எடை கூடும், நீளமான வால்வு உள்ள டியூப் தேட வேண்டும், கர்னி டிரைவில் கடல்காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது முன்சக்கரம் இழுக்கும். பிரேக் கட்டை படும் இடத்திலும் பெயிண்ட் என்றால் சில வாரத்தில் சுரண்டிக்கொண்டு வந்துவிடும்.

சாதா ரிம்மில் பார்க்க வேண்டியது: இரட்டைச் சுவர் அலுமினியமா, பக்கவாட்டு பிரேக்குக்காகச் சீவப்பட்டிருக்கிறதா, கம்பி துருப்பிடிக்காத எஃகா, கம்பியை ரிம்மில் பிடிக்கும் நிப்பிள் பித்தளையா. கம்பியில் காந்தத்தை வைத்துச் சோதிக்காதீர்கள், துருப்பிடிக்காத கம்பியிலும் லேசாக ஒட்டும். ஹப் என்றால் ஃபார்முலா, நோவாடெக் போன்ற தைவான் பெயர்களே நமக்குப் போதும். ஃபில் வுட் அருமையான சாமான், ஆனால் சந்தையில் வாங்கிய ஃபிரேமுக்கு அது அதிகப்படி.

குளுகோர்: என் பின்சக்கரத்தில் கம்பி மாற்றி மாற்றி முறிகிறது. ஒன்றை மாற்றினால் அடுத்த மாதம் இன்னொன்று. ரிம் மட்டமா?

ரிம் மீது பழி போடாதீர்கள். கம்பி எங்கே முறிகிறது என்று பாருங்கள். ஹப் ஓரத்து வளைவில்தானே? அப்படியென்றால் சக்கரம் தளர்வாகக் கட்டப்பட்டிருக்கிறது. சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடும் இடத்துக் கம்பியின் இழுவை குறைந்து மறுபடி ஏறும். நன்றாக இழுத்துக் கட்டிய கம்பி இதைத் தாங்கும். தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் தொய்ந்து விறைத்து அந்த வளைவிலேயே அசைந்துகொண்டிருக்கும். இரும்புக் கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பது போலத்தான். ஒன்று போனால் பக்கத்துக் கம்பிகள் சுமையை ஏற்றுக்கொண்டு அடுத்த முறைக்குத் தயாராகிவிடும்.

இரண்டு மூன்று முறிந்த சக்கரம் என்றால் ஒவ்வொன்றாக மாற்றாமல் மொத்தக் கம்பியையும் மாற்றி, ஒரே சீராக இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். பெண்டு எடுப்பது மட்டும் போதாது. சக்கரம் நேராகச் சுற்றினாலும் கம்பிகளின் இழுவை ஏறுக்குமாறாக இருக்கலாம். வீட்டில் சோதிக்க எளிய வழி: நடுவில் விரலால் சுண்டிப் பாருங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும், ஒன்று மட்டும் ‘தொப்’ என்றால் அதுதான் கள்ளன். கட்டி முடித்ததும் இணையாக ஓடும் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்துக் கையால் அழுத்த வேண்டும். கம்பி சரியாக உட்காரும்போது ‘டிக்’ என்று சத்தம் வரும். அதன் பிறகு மறுபடி ஒருமுறை நேர்பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் கையில் கொடுக்கும் கடையும் இருக்கிறது.

ஃபிக்ஸிக்கு இதில் ஒரு நல்ல செய்தி. கியர் சக்கரத்தில் பல்சக்கரக் கூட்டத்துக்கு இடம் விட ரிம் ஒரு பக்கம் தள்ளி நிற்கும், வலப்பக்கம் அதிகம் இழுபடும், இடப்பக்கம் தளரும். டிராக் ஹப்பில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமம். விலை குறைந்த சக்கரமும் இதனால் நின்று உழைக்கும்.

ஜெலுத்தோங்: நான் 95 கிலோ, அண்ணா. 32 கம்பியா, 36 கம்பியா?

36, தங்கச்சி. மூன்று குறுக்குப் பின்னல், அதாவது ஒவ்வொரு கம்பியும் வேறு மூன்றைக் குறுக்கே கடக்க வேண்டும். பின்சக்கரத்தில் நேர்கம்பிப் பின்னல் கேட்காதே, ஃபிக்ஸியில் முறுக்கு விசை முன்னும் பின்னும் வரும், கம்பிகள் குறுக்கே பின்னியிருந்தால்தான் அதைத் தாங்கும். டயர் அகலம் 28 மில்லிமீட்டர், ஃபிரேமில் இடம் இருந்தால் 32. கால்வாய் மூடி இடுக்குகளும் குழிகளும் உள்ள நம் தெருவுக்கு 23 டயர் யாருக்குமே சரிப்படாது.

தஞ்சோங் பூங்கா: ஹப்புக்குச் சீல்டு (மூடிய) பேரிங்கா, தனிக் குண்டும் அதைத் தாங்கும் கோனுமா? வீடு கடலுக்குப் பக்கத்தில்.

மலிவு விலையில் சீல்டு. கழற்றிக் கிரீஸ் போடத் தெரிந்தவருக்குக் குண்டு ஹப் ஆண்டுக்கணக்கில் உழைக்கும், ஆனால் மலிவு ஹப்பில் தண்ணீரைத் தடுக்க ஒன்றும் இருக்காது. மழையும் உப்புக்காற்றும் உள்ளே போனால் கோன் குழி விழும். சீல்டு பேரிங் தேய்ந்தால் அதன் மேல் 6000, 6001 என்பது போல எண் எழுதியிருக்கும், அதைச் சொல்லிப் பேரிங் கடையில் வாங்கி மாற்றலாம். கழுவும்போது பிரஷர் தண்ணீரை ஹப்பில் நேராக அடிக்காதீர்கள்.

தெலுக் பாஹாங்: பிரேக்கே இல்லாமல் ஓட்டுகிறார்கள். நானும் கழற்றிவிடலாமா?

வேலோட்ரோமில் (சைக்கிள் பந்தயத் தடத்தில்) பிரேக் கிடையாது, அங்கே எதிரே லாரியும் கிடையாது. நீ இருப்பதோ பாலிக் பூலாவ் மலைச்சாலையின் அடிவாரத்தில். அந்த இறக்கத்தில் பெடல் காலைத் தூக்கி எறியும், சங்கிலி கழன்றால் உன் கையில் ஒன்றும் மிச்சமிருக்காது. முன்பிரேக் கட்டாயம். போலீசும் பிரேக் இல்லாத சைக்கிளைப் பார்த்தால் ‘பசிக்கால் லாஜாக்’ (தெருவில் அபாயமாக ஓட்டும், மாற்றியமைத்த சைக்கிள்) கணக்கில்தான் சேர்ப்பார்கள்.

புக்கிட் மெர்தாஜாம்: பின்டயர் ஒரே இடத்தில் மட்டும் தேய்ந்து நூல் தெரிகிறது. ரிம் வட்டமாக இல்லையோ? முன்னால் 48 பல், பின்னால் 16 பல் போட்டிருக்கிறேன், பெடலை நிறுத்திப் பின்சக்கரத்தைச் சறுக்கி நிறுத்துவேன்.

ரிம் பாவம், கணக்குத்தான் காரணம். 48-ஐ 16-ஆல் வகுத்தால் சரியாக 3. பெடல் ஒரு சுற்று வருவதற்குள் சக்கரம் முழுசாக மூன்று சுற்று சுற்றி அதே இடத்துக்கு வந்துவிடும். நீ எப்போதும் ஒரே காலை முன்னால் வைத்துச் சறுக்குவதால் டயரின் அதே இடம்தான் ரோட்டில் தேய்கிறது. பின்பல்லை மட்டும் 17 ஆக்கு. 48-க்கும் 17-க்கும் பொது வகுஎண் இல்லாததால் தேய்மானம் 17 இடங்களுக்குப் பிரிந்துவிடும். மிதிப்பதும் சற்று இலகுவாகும். பழைய லாக்ரிங்கின் பள்ளங்கள் மழுங்கியிருந்தால் அதையும் சேர்த்து மாற்று, எஃகு லாக்ரிங்காகவே வாங்கு. புதுப் பல்லை மாட்டி ஒரு மேட்டில் அழுத்தி ஏறிவிட்டு வந்து லாக்ரிங்கை மறுபடி இறுக்கு. மேடேறும்போது பல் இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருக்கும்.